மச்சினனின் வெள்ளிக் காசு

கடிகாரம் பழுது பார்க்கிற எனக்குக் கண் கூர்மை, வாய் அதைவிட நீளம். மச்சினன் தன் பைக்கை விற்று வாங்கிய வெள்ளிக் காசைப் பார்த்த மறுகணமே, போலி என்று சொல்லிவிட்டேன்.

எண்ணூறு வருஷத்துக்கு முன் ஹங்கேரியில் அடித்த காசு. சுண்டு விரல் நகத்தைவிடச் சின்னது, தும்மினால் பறந்துவிடும். அதே வகையில் ஒன்று என்னிடம் பதினைந்து வருஷமாக இருக்கிறது. நடுவில் சிலுவை, சுற்றிலும் புள்ளிகள். அதில் ஒரே ஒரு புள்ளி மட்டும் வரிசையை விட்டு விலகி நிற்கும். அவனுடையதிலும் அதே புள்ளி, அதே இடத்தில் விலகியிருந்தது. கைவேலையில் தப்புகூடவா அச்சு அசலாக ஒத்துப்போகும்? என்னுடையதைப் பார்த்து எவனோ வார்த்து இவன் தலையில் கட்டிவிட்டான் என்றேன்.

எங்கள் நாணயச் சங்கத்தில் ஒரு வழக்கம். போலி என்று தெரிந்தால் தகரம் வெட்டும் கத்திரியால் இரண்டாக்கிவிடுவோம். இன்னொருத்தர் ஏமாறக் கூடாது பாருங்கள். மச்சினன் ரொட்டிக்கடைக்காரன், அவனும் சங்கத்தில் இருக்கிறான், சொன்ன சொல் மாறாதவன். முகம் செத்துப்போய், காசை என் மேசையில் வைத்தான்.

"வெட்டுங்க மாமா. ஆனா அதுக்கு முன்னாடி இன்னொரு தடவை பாத்துருங்க."

கத்திரியைக் கையில் வைத்துக்கொண்டு, வீம்புக்குத்தான் லென்ஸை மாட்டினேன். என் காசில் சிலுவையிலிருந்து விளிம்புவரை மயிரிழையாக ஒரு மேடு ஓடும். அடித்த அச்சில் விழுந்த விரிசலின் தடம் அது. அவன் காசிலும் அந்தக் கோடு இருந்தது. ஆனால் பாதி வழியில் நின்றுவிட்டது.

என்னுடையதைப் பார்த்து வார்த்திருந்தால் கோடு முழுசாக இருந்திருக்கும். அரைக் கோடு என்றால், விரிசல் வளர்வதற்கு முன்பே அவன் காசு பிறந்துவிட்டது. இரண்டும் ஒரே அச்சு; விலகிய புள்ளி அந்த அச்சின் தப்பு. யாரோ ஒருத்தன் சுத்தியலை ஓங்கி முதலில் இதை அடித்தான். பிறகு விரிசலைப் பொருட்படுத்தாமல் என்னுடையதையும் அடித்தான். அந்தக் காலத்தில் புதுக் காசு வந்ததும் பழையதை ராஜாவின் ஆட்கள் திரும்ப வாங்கி உருக்கிவிடுவார்களாம். அதற்கும் தப்பி, எத்தனையோ கை மாறி, ரெண்டும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. மூச்சுவிடவே பயமாக இருந்தது.

லென்ஸை அவனிடம் கொடுத்துக் கோட்டைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தான்.

"அப்ப இது நிஜமா மாமா?"

"நிஜம்தான். என்னுதுக்கு அண்ணன்."

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ராஜாவோட உலைக்கே தப்பிச்சு வந்திருக்கு மாப்ளே," என்றேன். "என் கையாலதான் சாக இருந்துச்சு."