வலது கண்ணின் மஞ்சள்

ஆராய்ச்சிக்கூடத்தில் தங்கை தட்டில் மருந்து விட்டால், நகரத்தின் மறுகோடி ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அண்ணனுக்கு வாய் கசந்தது. தட்டில் வளர்ந்தவை அவருடைய கல்லீரல் கட்டியிலிருந்து எடுத்த செல்கள். மருந்து, ஒரு காட்டுமரப் பட்டையிலிருந்து அவள் பிரித்தெடுத்த சாறு. லாரி மெக்கானிக்கான அண்ணன் தினமும் போனில் வந்து, "என்னத்தடி ஊத்துன? பேட்டரி தண்ணி குடிச்ச மாதிரி இருக்கு" என்று அலுத்துக்கொள்வார். டாக்டர்களும் காய்ச்சலை விசாரிப்பதுபோல் கசப்பை விசாரித்துவிட்டுப் போனார்கள்.

சிக்கல், தட்டுகள் இரண்டு என்பதில் இருந்தது. ஒன்றில் சாறு, மற்றதில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, சாற்றைக் கரைக்கும் திரவம் மட்டும். முதல் தட்டில் புற்றுச் செல்கள் சுருண்டு செத்தன. அண்ணனின் இடது கண் தெளிந்தது. ஒப்பீட்டுத் தட்டில் அவை ஒன்றின்மேல் ஒன்று ஏறி வளர்ந்தன. வலது கண் மஞ்சளாகவே கிடந்தது, வலது கையால் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. இந்த வாரம் தாண்டாது என்று டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார். ஒப்பீட்டுத் தட்டைத் தொட்டால் இத்தனை வருட உழைப்பும் குப்பை என்றார் துறைத்தலைவர். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

அவர் மீட்டிங் போன மதியம், தங்கை ஒப்பீட்டுத் தட்டைத் திறந்தாள். முன்பு ஒருமுறை கைதவறிச் சாறு கூடுதலாக விழுந்தபோது அண்ணனின் நாடி நின்று திரும்பியிருந்தது. அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, சொட்டுச் சொட்டாக விட்டாள்.

"கசக்குதாண்ணா?"

"இல்லடி."

இன்னொரு சொட்டு. "இப்ப?"

"வெறுந்தண்ணியா இருக்கு. சீக்கிரம் ஊத்து, கண்ணு இருட்டுது."

குப்பியில் மிச்சமிருந்த ஒரே சொட்டைப் பிப்பெட் குழாயில் உறிஞ்சித் தட்டின் மேல் நீட்டியபோதுதான் கவனித்தாள்: அது தேனைப்போல் கெட்டியாக, பழுப்பாக இருந்தது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த குப்பியை அவள் குலுக்கவே இல்லை. சாறு முழுக்க அடியில் படிந்திருந்தது. விட்டால் ஆள் காலி. விடாவிட்டாலும் காலி.

பிப்பெட்டில் இருந்ததைக் குப்பியிலேயே திருப்பி ஊற்றி, கரைக்கும் திரவம் கலந்து, முஷ்டிக்குள் வைத்துச் சூடேற்றிக் குலுக்கினாள். போனில் மூச்சு இழுபட்டது. ஒரு சொட்டு விட்டாள். மூச்சும் கேட்கவில்லை.

"அண்ணா?"

வெகுநேரம் கழித்து, "கசக்குதுடி, சனியனே" என்றார் அண்ணன்.

ஆராய்ச்சிக் கட்டுரை அச்சேறவில்லை. ஒப்பீட்டுத் தட்டு கெட்டுவிட்டதாகச் சொல்லி, துறைத்தலைவர் அதை ஓரமாக வைத்தார். கட்டியோடு ஒட்டி வந்து, சாற்றுக்குத் தப்பிய நல்ல செல்கள் இரண்டு தட்டுகளிலும் இன்னும் வளர்கின்றன. அண்ணன் மறுபடி லாரிக்கு அடியில் படுக்கிறார். தட்டைத் திறக்குமுன் அவருக்கு ஒரு போன் போடுவது ஆராய்ச்சிக்கூடத்தில் வழக்கமாகிவிட்டது. "இருங்க, இன்னும் ஒரு வாய் சோறு பாக்கி" என்று அவர் சொன்னால், துறைத்தலைவர் உட்பட எல்லோரும் பிப்பெட்டைப் பிடித்தபடி காத்திருப்பார்கள்.