சோதனைக்கு முன் ஊற்றிய பசை

மூன்று நாளாக மாரிமுத்து எழுதிய நிரல் கம்ப்யூட்டரில் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. எண்ணெய்க் குழாய் அரை நொடி திறக்கிறது, மூடுகிறது, அடுத்த பேரிங் வருகிறது. எல்லாம் திரையில்தான். அதையே நிஜ சர்க்யூட் போர்டில் ஏற்றி, பேரிங்குக்கு எண்ணெய் விடுகிற மிஷினில் மாட்டினால், பேரிங் நகர்ந்துபோன பிறகும் குழாய் மூடுவதில்லை. பெல்ட் பூராவும் எண்ணெய்.

"இன்னாபா, உன் டிவில சோக்கா ஓடுது, என் மிஷின் மட்டும் ஒண்ணுக்குப் போய்க்கினே கீது?" என்றார் முதலாளி தணிகாசலம். ஒரகடத்தில் அந்தப் பட்டறை அவருடையது.

"வால்வு ஒட்டுதோன்னு பாக்கேன் சார்."

"நேத்து ஒயருன்ன. முந்தாநேத்து சென்சாருன்ன."

மதியம் மறைமலை நகரிலிருந்து மிஷினை வாங்குகிறவர்கள் வருகிறார்கள். ஓடினால் மாரிமுத்துவுக்கு வேலை நிரந்தரம். கடிதம்கூட அடித்தாயிற்று, கையெழுத்துதான் பாக்கி. ஓடாவிட்டால் கோவில்பட்டிக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

போர்டில் சாமான்களைப் பற்றவைத்தது காசிராஜன். அவனும் கோவில்பட்டிக்காரன். வேலை வாங்கிக் கொடுத்தவன், தன் அறையிலேயே இடம் கொடுத்தவன். "போர்டு என் பொறுப்பு, நீ உன் புரோகிராம் கோடைப் பாரு" என்று சொல்லியிருந்தான். மாரிமுத்து நம்பினான். ஊர்க்காரன் என்றால் எதையும் நம்பிவிடுகிற புத்தி. அதனால் போர்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தான்.

கடைசியில் எதுவும் தோன்றாமல், நொடிக்கு ஒருமுறை மினுக்குகிற மாதிரி ஒரு சின்ன விளக்கை வைத்து, செல்போன் கடிகாரத்தோடு எண்ணினான். அறுபது மினுக்குக்கு ஒரு நிமிடம் ஆக வேண்டும். இரண்டு நிமிடம் ஆனது.

போர்டு பாதி வேகத்தில் ஓடுகிறது. அதற்குத் தாளம் போடுவது கிரிஸ்டல் என்கிற சின்னத் தகர வில்லை. குனிந்து பார்த்தான். மேலே வெள்ளைப் பசை அப்பியிருந்தது. மிஷின் அதிர்வில் கழன்றுவிடாமலிருக்க அந்தப் பட்டறையில் எல்லா போர்டுக்கும் பசை ஊற்றுவார்கள்தான். ஆனால் சோதித்துச் சரியென்று ஆன பிறகுதான் ஊற்றுவார்கள். இது கைக்கு வந்தபோதே பசையோடு வந்தது. காசிராஜன் அண்ணன் கொடுத்தது என்று மாரிமுத்து அதை யோசிக்கவே இல்லை.

பிளேடால் சுரண்டினான். வில்லையில் வேக எண் பதினாறு இருக்க வேண்டிய இடத்தில் எட்டு.

"அண்ணே, எட்டு போட்டிருக்கீய."

காசிராஜன் கையிலிருந்த வேலையை நிறுத்தவில்லை. "பதினாறு தீந்துபோச்சுல. ஆர்டர் போட மறந்துட்டேன். பாக்க ரெண்டும் ஒண்ணுபோலத்தான இருக்கு?"

"மூணு நாளா முதலாளி என்னைய ஏசுதாரு. பக்கத்துலதான நின்னீய."

"நீயே கண்டுபிடிச்சிருவன்னு இருந்தேன். ஒரு நம்பர்தானல, கோடுல மாத்திட்டுப் போ. வெளிய சொல்லாத."

முந்தின நாள் ஒரே சட்டியில் சோறு போட்டுத் தின்றுகொண்டே, "தப்பு உன் கோடுலதாம்ல எங்கயோ கெடக்கு, மனசு விடாத" என்று ஆறுதல் சொன்னவனும் இவன்தான்.

மாரிமுத்து நிரலில் பதினாறை எட்டாக்கினான். எண்ணெய் அளவாக விழுந்தது. தணிகாசலம் பத்துப் பேரிங் போகும்வரை நின்று பார்த்தார்.

"அப்ப தப்பு உன் கோடுலதான் இருந்துக்குது."

"நான் அன்னைக்கே சொன்னேன் சார், பையன் அவசரக்காரன்னு" என்றான் காசிராஜன்.

"இன்னும் ஆறு மாசம் போவட்டும்பா. லெட்டரு அப்பால பாக்கலாம்."

மாரிமுத்து மிஷினை நிறுத்தினான். போர்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தான். "இதுல என்ன போட்டிருக்கு, வாசிங்க சார்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எட்டு."

"படத்துல?"

சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தை விரலால் தடவிக்கொண்டே போய் நின்றார். "பதினாறு. யார் போட்டது?"

"ஏலே மாரி" என்றான் காசிராஜன் மெதுவாக.

"அவருதான் சார். மூணு நாளா தெரிஞ்சுக்கிட்டே சும்மா இருந்தாரு."

தணிகாசலம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒரே ரூம்ல துன்னுட்டுப் படுத்துக்கினு கீறீங்க. அவனுக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. இதை நான் நம்பணும்?"

மாரிமுத்து போர்டைத் திரும்ப வாங்கி மாட்டினான். மறைமலை நகர் ஆட்கள் வந்தார்கள், பார்த்தார்கள், திருப்தி என்று போனார்கள். கடிதத்தைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.