வடக்கு வாசல் பொய்

நாத்தனாரை எதிரிகளிடம் பிடித்துக் கொடுத்ததிலிருந்து கதைக்காரிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பிடித்துக் கொடுத்தது விளையாட்டில்தான். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை மதியம், மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் நான்கு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு அது. அவளுடைய கணவனுக்கு வாள்வீரன் வேஷம், கடைக்காரருக்கு மந்திரவாதி, நாத்தனாருக்கு வேவுக்காரி. காடு, கோட்டை, எதிரி என்று மிச்சம் எல்லாவற்றையும் சொல்லி நடத்துகிறவள் இவள். அதனால் கதைக்காரி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. போன வாரம் கயிற்றுப் பாலத்தில் எதிரிகள் துரத்தினார்கள். வாள்வீரன் திரும்பிப் பார்க்காமல் ஓடினான், மந்திரவாதி அவன் பின்னாலேயே ஓடினான். வேவுக்காரி மட்டும் இந்தக் கரையிலேயே நின்று கயிற்றை அறுத்தாள். பாலம் விழுந்தது. அவர்கள் தப்பித்தார்கள், அவள் மாட்டிக்கொண்டாள்.

மாட்ட வைப்பது சுலபம். மாட்டினவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் கதைக்காரிக்குப் பிடிபடவில்லை.

அவளுக்கு வேலை பல்செட் செய்யும் கூடத்தில். மெழுகில் பல் பதிக்கும்போதும் அதே யோசனை. கோரைப் பற்களை வரிசை மாற்றி வைத்துவிட்டாள். "யாருக்கும்மா இது, ரத்தக்காட்டேரிக்கா?" என்றார் மேற்பார்வையாளர். மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

கணவனுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. எதையும் அரை மணியில் முடித்துக் கிளம்பிவிடும் சுபாவம். "சுவத்துல ஒரு ஓட்டை இருந்துது, அவ அது வழியா வந்துட்டான்னு சொல்லிடேன்," என்றான்.

"அப்புறம் எதுக்குப் பிடிச்சாங்களாம்?"

"பிடிச்சது நீ. என்னைக் கேட்டா?"

நாத்தனார் அவர்கள் வீட்டில்தான் இருந்தாள். புருஷனோடு ஒத்துவராமல் வந்தவள். விவாகரத்து வழக்கு கோர்ட்டில் இழுத்துக்கொண்டிருந்தது. எக்ஸ்ரே எடுக்கும் வேலை முடிந்து வந்தால் ஒரு இடத்தில் உட்கார மாட்டாள். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருப்பாள். ஒரு நாள் பல் துலக்கிக்கொண்டே வந்து, "அண்ணி, கோட்டையில என்னை அடைச்சிருக்கிற அறையில ஜன்னல் இருக்கா?" என்று கேட்டாள்.

"பார்க்கலாம்," என்றாள் கதைக்காரி.

ஞாயிற்றுக்கிழமை வந்தபோதும் கையில் ஒன்றும் இல்லை. கோட்டைக்கு வெளியே இருந்த வாள்வீரனும் மந்திரவாதியும் அதை எப்படிப் பிடிப்பது என்று பேசத் தொடங்கி, பேச்சை ஜவ்வாக இழுத்தார்கள். கடைக்காரர் லென்ஸ் தட்டைக் கவிழ்த்துக் கோட்டை என்றார். கணவன் ஸ்க்ரூ டிரைவரை வைத்து மதில் என்றான். நடுவில் எப்போதாவது கதைக்காரி நாத்தனார் பக்கம் திரும்புவாள்.

"காவலாளி தண்ணி வெச்சிட்டுப் போறான். நீ என்ன பண்ற?"

"கதவுகிட்ட காதை வெச்சிக் கேக்கறேன்."

"ஒண்ணும் கேக்கல."

இன்னொரு சுற்று பேச்சு. மறுபடியும் தண்ணீர், மறுபடியும் காவலாளி. நாத்தனார் எழுந்து சுவரில் மாட்டியிருந்த கண் பரிசோதனை அட்டையைக் கடைசி வரி வரை படித்தாள். கண்ணாடி ஃப்ரேம்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் கழற்றினாள். பிறகு, "டீ வாங்கிட்டு வரேன்," என்று வெளியே போனாள். நேரம் போனதே தவிர ஆள் வரவில்லை.

கதைக்காரி தேடிக்கொண்டு போனாள். ஷட்டர் இறக்கிய கடைகளின் வரிசையில், நின்றிருந்த ஒரு வேனைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள் நாத்தனார். கையில் டீ இல்லை.

"கோவமா?"

"இல்ல அண்ணி." இன்னொரு சுற்று நடந்துவிட்டு வந்தாள். "கோர்ட்ல வாய்தா மேல வாய்தா. இங்க வந்தா நீங்களும் வாய்தா குடுக்கறீங்க."

கதைக்காரிக்கு முகம் சுருங்கியது. "எனக்கு ஒண்ணும் தோணல. அதான் தண்ணியா வெச்சிட்டிருந்தேன். உனக்கு என்ன நடக்கணும்னு நீயே சொல்லேன். அவங்க வந்து காப்பாத்தணுமா?"

"வேண்டாம்." பதில் பட்டென்று வந்தது. அடுத்ததைச் சொல்லத்தான் நேரம் எடுத்தது. "யாராவது வந்து என்கிட்ட கேள்வி கேக்கணும். அங்க இத்தனை வாட்டி போயிருக்கேன். வக்கீல் பேசறார், அவங்க வக்கீல் பேசறார். என்னை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல."

இருவரும் திரும்பி வந்தார்கள். உட்காரும் முன்பே கதைக்காரி தொண்டையைக் கனைத்துக் குரலை மாற்றினாள். "கதவு திறக்குது. கோட்டைத் தளபதியே உள்ள வர்றான். முக்காலியை இழுத்துப் போட்டு உன் எதிர்ல உக்கார்றான். 'கயித்தை அறுத்தியே. நீயும் தாண்டியிருக்கலாமே?'"

நாத்தனார் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "அப்போ உங்க ஆளுங்களும் தாண்டியிருப்பாங்க."

"உன்னை விட்டுட்டு ஓடினவங்களுக்காகவா இவ்வளவும்?"

கணவன் பகடையை உருட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். நாத்தனார் அண்ணன் பக்கம் பார்க்கவே இல்லை. "ஓடச் சொன்னது நான்தான்," என்றாள்.

போன வாரம் அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. அது மேஜையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

தளபதி விடவில்லை. எத்தனை பேர், யார் அனுப்பினார்கள், எப்போது வருவார்கள். எல்லாக் கேள்விக்கும் அவள் பதில் வைத்திருந்தாள். பாதி நிஜம், பாதி புளுகு. கதைக்காரிக்கே எது எது என்று குழம்பியது. கடைசியில் தளபதி சொன்னான்: "எந்தப் பக்கம் வர்றாங்கன்னு சொல்லு. இப்பவே விட்டுடறேன்."

நாத்தனார் தயங்குவதுபோல் பாவனை செய்தாள். நகத்தைக் கடித்தாள். பிறகு, வெகுநேரம் மறைத்ததைக் கக்குகிறவள் மாதிரி, "வடக்கு வாசல்," என்றாள். "பெரிய படை."

தளபதி நம்புகிறானா என்று பார்க்கப் பகடை உருட்டினாள். இருபது முகப் பகடையில் பத்தொன்பது விழுந்தது. நம்பிவிட்டான். நாத்தனார் நிமிர்ந்து, முதல் தடவையாகச் சிரித்தாள்.

மற்ற இருவரும் சிரிக்கவில்லை. கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சிஸ்டர், நீங்க டீ வாங்கப் போனப்போதான் நாங்க முடிவு பண்ணினோம். நாங்க வர்றதே வடக்கு வாசல்தான்."

"கோட்டைல இருக்கிற அத்தனை பேரும் அங்க போறாங்க," என்றாள் கதைக்காரி. சொன்ன சொல்லை மாற்ற முடியாது. "அடையாளம் காட்ட உன்னையும் கையைக் கட்டி மதில் மேல கூட்டிட்டுப் போறாங்க. கீழ புதர்ல ரெண்டு பேர் ஊர்ந்து வர்றது உனக்கு மட்டும் தெரியுது."

"கத்தறேன்," என்றாள் நாத்தனார் உடனே. "திரும்பிப் போங்கன்னு கத்தறேன்."

"கத்தினா பெரிய படைன்னு நீ சொன்னது பொய்னு தளபதிக்குத் தெரிஞ்சிடும்."

"தெரியட்டும்."

கணவன் பகடையை மேஜையில் அறைந்தான். "நான் போகல. இந்த வாட்டி ஓட மாட்டேன். மதில் ஏறறேன்."

"செத்துடுவே மாப்ள," என்றார் கடைக்காரர்.

"செத்தா செத்துட்டுப் போறேன்."

"அண்ணா." நாத்தனார் மேஜைக்குக் குறுக்கே கையை நீட்டி, அவன் பகடையை எடுத்துத் தன் உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். "இப்போ நிஜமாவே சொல்றேன். ஓடு."

அவன் அவளையே பார்த்தான். "சரி, ஓடறேன்," என்றான். "திரும்பிப் பார்த்துக்கிட்டே ஓடறேன்."

அன்றைக்கு அதோடு நிறுத்தினார்கள். வேவுக்காரி பழையபடி அறையில்தான் இருந்தாள், இப்போது காலிலும் சங்கிலி. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நாத்தனார் நின்றுகொண்டே வந்தாள். அண்ணனும் எழுந்து போய் அவள் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் நாத்தனார் வக்கீலுக்குப் போன் செய்ததைக் கதைக்காரி குளியலறையிலிருந்து கேட்டாள். 'அடுத்த தடவை கோர்ட்ல நானே பேசணும் சார்' என்றாள். பார்க்கலாம் என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். 'பார்க்கலாம் இல்ல சார், பேசணும்' என்று மறுபடியும் கேட்டது.

கதைக்காரி தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தாள். நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள், "அண்ணி, அந்தத் தளபதிக்குக் குழந்தை குட்டி உண்டா?"

"ஏன்டி?"

"எங்க தட்டினா அவனுக்கு வலிக்கும்னு தெரிய வேண்டாமா?"

பதிலுக்குக் காத்திராமல் படியிறங்கிப் போய்விட்டாள்.