மூடியில் எழுதியது

1
இந்தக் கதை ஒரு தவறிலிருந்து வந்தது. தவறு என்னுடையது. வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன்.

2
முதல் தொடக்கம்: 'வைரஸ் நுழைந்ததும் செல்லுக்குள் ஒரு காவலாளி விழித்து' (வேண்டாம். செல்லுக்குள் யாரும் சீருடையில் நிற்பதில்லை.)

இரண்டாவது: வைரஸின் ஆர்.என்.ஏ.வை ஒரு புரதம் அடையாளம் காண்கிறது. செய்தி கைமாறுகிறது. கடைசியில் இன்னொரு புரதம் உட்கருவுக்குள் போய் இன்டர்ஃபெரான் மரபணுவை முடுக்குகிறது. இன்டர்ஃபெரான் வெளியேறி அக்கம்பக்கத்துச் செல்களை எச்சரிக்கிறது.

எல்லாம் சரி. ஆனால் இதில் அக்கா இல்லை.

3
அக்கா ஆய்வகத்தில் எனக்கு மூத்தவர். அந்த மரபணு முடுக்கப்பட்டால் பச்சையாக ஒளிரும் செல்களை மூன்று வருடம் பாடுபட்டு உருவாக்கியவர். திங்களன்று அந்தச் செல்கள் வளரும் இரண்டு தட்டுகளைத் திறந்து, ஒன்றில் வைரஸ் விட்டேன், மற்றதில் வெறும் திரவம். பிறகு மூடினேன். எது எது என்று எழுதியிருந்தது மூடிகளில். (தட்டின் பக்கவாட்டில் எழுதச் சொல்லி அக்கா முதல் நாளே சொல்லியிருந்தார்.)

மறுநாள் வைரஸ் இல்லை என்று மூடியில் எழுதியிருந்த தட்டு ஒளிர்ந்தது. வைரஸ் என்று எழுதியிருந்த தட்டு இருண்டிருந்தது.

"செல்லெல்லாம் கெட்டுப்போச்சு. மூணு வருஷம் தண்ணியில போச்சு," என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்தார். "நீ என்ன, வாயைத் தொறக்க டோக்கன் வாங்கணுமா?"

சிரித்துவைத்தேன். வீட்டுக்குப் போகும் பேருந்தில்தான் என் கைகள் அந்த மூடிகளைக் காற்றில் மறுபடி மூடிப் பார்த்தன. மாற்றி மூடின.

4
ஒளிர்ந்த தட்டிலும் எல்லாச் செல்களும் ஒளிரவில்லை. நான் எண்ணியபோது நூறில் எட்டு. மற்றவற்றிலும் அதே மரபணுதான். வைரஸ் புகுந்த பிறகும் பல செல்கள் ஏன் பேசாமல் இருக்கின்றன என்று முழுதாக விளங்கவில்லை. (இதை எனக்குச் சாக்காக வைத்து ஒரு பத்தி எழுதினேன். செல்லுக்குக் கூச்சம் கிடையாது. அடித்துவிட்டேன்.)

5
முடிவு ஒன்று: எழுந்து நின்று சொல்கிறேன். (நானே நம்பமாட்டேன்.)
முடிவு இரண்டு: அக்காவே கண்டுபிடிக்கிறார். (எழுதுபவளின் சோம்பேறித்தனம்.)
முடிவு மூன்று: அக்கா, உங்களிடம் ஒன்று

6
இன்று முழுதும் அவருக்கு எதிர் மேசையில்தான் இருந்தேன். நாளை பத்து மணிக்கு அவர் பேராசிரியரிடம் செல்கள் கெட்டுவிட்டன என்று சொல்லப்போகிறார். இந்த மாதத்தோடு அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. செல்கள் கெட்டவை என்றால் அதை நீட்டிக்கமாட்டார்கள்.

இந்தப் பக்கங்களை மடித்து அவருடைய கையுறைப் பெட்டிக்குள் வைக்கிறேன். காலை ஒன்பது மணிக்கு அவர் கையுறை எடுப்பார்.

அக்கா, மூடிகளை மாற்றிப் போட்டது நான். இரண்டு தட்டுகளும் இன்குபேட்டரின் மேல் அடுக்கில் இருக்கின்றன. எதில் வைரஸ் இருக்கிறது என்று சோதித்துப் பார்க்கலாம். இந்த முறை பக்கவாட்டில் எழுதியிருக்கிறேன்.

ஏழாவது பகுதி உங்களுடையது.

7