கீல் மாறிய கதவு

தச்சரான அப்பாவின் வலது தோள் இறுகிப்போயிருந்தது. கையைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கிப் பழகினால்தான் மூட்டு இளகும், மறுபடி உளி பிடிக்க முடியும். ஆனால் வலிக்குப் பயந்து அவர் அசையவே மறுத்தார். கெஞ்சியும் திட்டியும் பார்த்த மகளுக்கு வேறு வழி தெரியவில்லை.

ஒருநாள் மனம் ஆறக் கூடத்துச் சுவரில் அவள் ஒரு வீடு வரைந்தாள்.

"என்னம்மா இது? கீலும் தாழ்ப்பாளும் ஒரே பக்கம் இருக்கு. எப்படித் திறக்கும்?"

"படம்தானேப்பா, யாரு திறக்கப் போறா?"

"தச்சன் வீட்டுல இப்படி ஒரு கதவா? மானம் போகுது. கொண்டா தூரிகையை!"

முனகிக்கொண்டே தோள் உயரத்துக்குக் கையைத் தூக்கி அவர் கதவைத் திருத்தினார். கண்ணுக்கு வேலை வந்ததும் கை பயத்தை மறந்துவிட்டது.

அன்றிலிருந்து அவள் அந்த வீட்டுக்கு மாடிமேல் மாடி வரைகிறாள், மாடிக்கொரு தப்பான கதவு வைத்து.