ஒரு சாண் திறந்த கதவு

குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் என் பணி, பார்த்துக்கொண்டிருப்பது. தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்த பிள்ளைகளின் அருகே, கை எட்டும் தொலைவில் அமர்ந்திருப்பேன், கண்ணை அகற்றேன். செவிலியர் எனக்கு இட்ட பெயர் ‘கழுகு’.

ஏழாம் படுக்கையில் இருந்த மாணவிக்கு வயது பதினான்கு. மூச்சுக்குழாய் அகற்றப்பட்டு இரண்டு நாள்களாகியும் அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. தொண்டையில் குறையேதும் இல்லை என்றார் மருத்துவர். மனநல மருத்துவர் இருமுறை வந்து, அருகே அமர்ந்திருந்து, திரும்பிச் சென்றார். அவள் வாய் திறந்தாலன்றி உதவும் வழி எவருக்கும் புலப்படவில்லை. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டது முதல் தாய் கண்ணாடிச் சுவருக்கு வெளியிலேயே நின்றிருந்தார்.

மூன்றாம் நாள் காலை அவள் கழிவறைக்கு எழுந்தாள். நானும் உடன் சென்றேன். கதவைச் சாத்தலாகாது என்பது விதி. அவளோ கதவைப் பற்றிக்கொண்டு என்னை முறைத்தாள். அவ்வயதின் கூச்சம் எனக்கு விளங்காததன்று.

“சரிம்மா. ஒரு சாண் திறந்திருக்கட்டும், என் கால் இங்கதான் இருக்கும். நான் அந்தப் பக்கம் பாக்கல. ஆனா உன் குரல் கேட்டுக்கிட்டே இருக்கணும். நின்னா உள்ள வந்துடுவேன்.”

அவள் உள்ளே சென்று கதவை ஒரு சாண் வரை இழுத்தாள்.

“குரல் கேக்கலியே. வரட்டுமா?”

“வராதீங்க!”

கரகரத்த குரல்.

“பேசு, பேசு.”

“என்னத்தப் பேசறது? நாள் பூரா உங்க சேர் கீச்சு கீச்சுங்குது. தூங்கற மாதிரி நடிக்கக்கூட முடியல. கண்ணே சிமிட்ட மாட்டீங்களா?”

“கழுகுன்னுதான் கூப்பிடுவாங்க.”

“கழுகா? ஆந்தை!”

என் கொட்டாவி, என் கொண்டை, நான் பிஸ்கட் மெல்லும் ஓசை ஆகிய அனைத்தும் விசாரணைக்கு வந்தன. அத்துணை இனிய வசவை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. பின்னர் அதே மூச்சில் கேட்டாள்:

“அம்மா ஏன் உள்ள வரல? கோவமா?”

“கோவமா? பயந்து போய் நிக்கறாங்க, நீ வேணாம்னுடுவியோன்னு.”

குழாய் நீர் ஓடியது. குரல் நின்றது. சொன்னபடியே கதவைத் தள்ளினேன். கைகழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதுகொண்டிருந்தாள்.

“அக்கா, அவங்கள வரச் சொல்லுங்க. பக்கத்துல வந்து உக்காந்திருந்தாரே, அந்த டாக்டரும் வரட்டும். ரெண்டு தடவ சொல்ல என்னால முடியாது.”

அவளை விட்டு நகர எனக்கு உரிமையில்லை. ஆகவே நின்ற இடத்திலிருந்தே, அப்பிரிவில் எவரும் எழுப்பாத உரத்த குரலில், அவளுடைய தாயை அழைத்தேன்.