கொச்சிக்காய்ப் பாத்திக்குப் போன வுழூத் தண்ணீர்

மாத்தளையிலேயே தண்ணீர் வீணாகாத வீடு எங்களுடையதுதான். என் மனுசன் பதுர்தீன் ஒரு சொட்டையும் சும்மா போக விடமாட்டார். ஓடுகிற ஆற்றில் தொழுகைக்கு வுழூ செய்தாலும் வீண்விரயம் கூடாதென்று மார்க்கம் சொல்வது எனக்கும் தெரியும். ஆனால் என் கொச்சிக்காய்க் கண்டுகளை ஒரு மிளகாய் காய்க்கும் முன்னமே கொல்லும்படி யாரும் சொல்லவில்லை.

தம்புள்ளையில் மரக்கறி ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு லொறி ஓட்டியவர் அவர். பார்வை மங்கி, இனி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து வீட்டோடு இருக்கிறார். வீட்டோடு என்றால் குசினியோடு. வெங்காயத்தை நான் பெரிதாக அரிகிறேன் என்று குறை சொல்வார். சோற்றுப் பானையைத் திறந்து பார்ப்பார். ஒருநாள் உப்புப் போத்தலை இடம் மாற்றி வைத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இங்க நிக்காம போய் கண்டுகளுக்குத் தண்ணி ஊத்துங்களேன்!"

போனார். அதன்பிறகு அவர் குசினிக்குள் தலையை நீட்டும்போதெல்லாம் அதையே சொன்னேன். மனுசனும் முகம் சுளிக்காமல் போய் ஊற்றினார்.

பிறகு சொந்தமாகவே ஒரு வேலை செய்தார். பின்பக்கம் அவர் வுழூ செய்கிற குழாய்க்குக் கீழே பைப்பொன்றைப் பிளந்து வைத்து, கை கால் கழுவுகிற தண்ணீர் நேரே பாத்திக்குப் போக வழி பண்ணினார்.

"பாரு நூரு, ஒரு சொட்டு வீணில்ல. ஐவேளையும் கண்டு குடிக்கும்."

லொறியை விட்டபின் அந்த முகம் சிரித்து அன்றுதான் கண்டேன். "நல்லம்" என்றேன்.

நாள் போகப் போகக் கண்டின் இலை மஞ்சளானது. நடுப்பகலில் தலையைத் தொங்கப் போட்டது. பாவம், தாகம் போல என்று அவர் மேலும் ஒரு வாளி ஊற்றினார். அது இன்னும் தொங்கியது. அவர் இன்னும் ஊற்றினார். கடைசியில் நான் ஒரு கண்டைப் பிடித்து இழுத்தேன். இழுக்கவே தேவையில்லை, தானாகவே கையோடு வந்தது. வேரெல்லாம் கறுத்து, ஊசிப்போன சோற்று மணம் அடித்தது.

"இதுக்குத் தண்ணி காணாம இல்ல. கூடிப்போச்சு. வேர் அழுகிட்டு."

"வாடித்தானே நின்டுச்சு?"

"வேரில்லாம எப்படிக் குடிக்கும்? தண்ணிக்குள்ள நின்டுக்கிட்டே வாடும்."

அவர் பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்து பைப்பைக் கழற்றிச் சுவரோரம் சாத்தினார். அதன்பிறகு முன் அறையில் உட்கார்ந்து, தம்புள்ளைக்குப் போகிற லொறிகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். குசினிப் பக்கமே வரவில்லை. உப்புப் போத்தல் வைத்த இடத்தில் இருந்தது. வெங்காயத்தை என் இஷ்டத்துக்கு அரிந்தேன். ஆனாலும் கறி ருசிக்கவில்லை.

"என்ன, மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டு?"

"லொறியும் ஓட்ட ஏலா. கண்டுக்குத் தண்ணி ஊத்தவும் தெரியா. நான் என்னத்துக்கு, நூரு?"

அல்லாஹ், தண்ணீர் ஊற்றச் சொல்லி விரட்டியது நான்தானே. அதை வெளியில் சொல்ல நான் என்ன பைத்தியமா?

"எழும்புங்க. மிச்சம் ஈக்கிற கண்டப் பாக்க ஆள் வேணும். மண்ணுக்குள்ள விரல விட்டுப் பாருங்க. காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க."

"ஈரமா இருந்தா?"

"வந்து என்கிட்ட சொல்லுங்க."

இப்போது பைப் வாழை மரத்துக்குப் போகிறது. அது எவ்வளவு கொடுத்தாலும் குடிக்கும். மிஞ்சிய கொச்சிக்காய்க் கண்டுகள் துளிர் விட்டிருக்கின்றன. ஒவ்வொரு தொழுகைக்கும் முன்னால் பாத்தியில் விரலை விட்டுப் பார்த்து, அந்தச் சேற்று விரலோடு குசினி வாசலில் வந்து நிற்கிறார்.

"நூரு, இன்னும் ஈரம்."

சொல்லிவிட்டுப் போகமாட்டார். பானையைத் திறந்து பார்ப்பார். உப்புப் போத்தல் மறுபடியும் இடம் மாறியிருக்கிறது, மூடியில் சேறு. நான் அதை எடுத்துத் திரும்ப வைக்கவில்லை.